நாலு வருஷச் சீமெந்து

1975இல் அம்மா சீமெந்து இல்லாமல் கல் மேல் கல்லாக அடுக்கிக் கட்டிய கல்லுக்கட்டு 2019 வரைக்கும் அசையாமல் நின்றது. அந்த வருஷம் தீபாவளிக்கு வந்த நான் அதற்குச் சீமெந்து பூசினேன். 2023 டிசம்பர் மழையில் விழுந்துவிட்டது. நாற்பத்து நாலு வருஷம் ஒரு பக்கம், நாலு வருஷம் ஒரு பக்கம். அம்மா இருந்திருந்தால் இந்தக் கணக்கை விடிந்தால் பொழுது போனால் சொல்லிக் காட்டியிருப்பார். அவர் 2023 பெப்ரவரியிலேயே போய்விட்டார்.

முதல் தெவசத்துக்கு லீவு எடுத்து வந்தபோது அதைத் திரும்பக் கட்டினேன். எல்லாமாகப் பதினொரு நாள். எழுதி வைத்தால், வீட்டுக்குப் பக்கத்தில் பழைய கல்லுக்கட்டு இருந்து அதற்குச் சீமெந்து பூசலாமா என்று யோசிக்கிற யாராவது கொஞ்சம் நிதானிப்பார்கள்.

இடம் இலங்கை மலையகத்தில் ஹப்புத்தளைப் பக்கம், தேயிலைத் தோட்டம். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் மலை சரிந்து இறங்குகிற துண்டில் அம்மா மூன்று தட்டு வைத்திருந்தார். மேல்தட்டில் போஞ்சி, நடுவில் கோவாவும் லீக்ஸும், கீழே கீரையும் வத்தாளைக் கிழங்கும். நடுத்தட்டைத் தாங்குகிற கட்டுதான் விழுந்தது. நீளம் 22 அடி, உயரம் நாலரை அடி. அதில் 14 அடி அப்படியே வயிறு தள்ளிப் போய்க் கீழ்த்தட்டில் குவிந்து கிடந்தது. குளிக்கிற பீலிக்கரைப் பக்கம் 8 அடி மட்டும் ஒன்றும் ஆகாமல் நின்றது. அது ஏன் நின்றது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை.

நான் பூசியதற்கும் காரணம் இருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, நான் கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் நின்றிருந்தேன். கொஸ்லந்தை எங்களுக்கு எட்டிப் பார்க்கிற தூரம். போன் கிடைக்கவே இல்லை. மத்தியானத்துக்கு மேல் அக்கா எடுத்து, "நாங்க நல்லாத்தான் இருக்கோம். அம்மா கான் வெட்டிக்கிட்டு இருக்கு" என்றாள். கான் என்றால் மழைத்தண்ணீர் வாய்க்கால். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அதற்குப் பிறகு கொழும்பில் இரவு மழை பெய்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும். நாள் முழுக்கச் சீமெந்து விற்கிறவனுக்கு எந்தப் பயத்துக்கும் சீமெந்துதான் மருந்தாகத் தெரியும். அம்மாவும் அக்காவும் தீபாவளிச் சாமான் வாங்கப் பண்டாரவளைக்குப் போன நாளாகப் பார்த்து, நானும் இரண்டு கூட்டாளிகளும் மூன்று மூட்டைச் சீமெந்தைக் கலந்து கட்டின் முகம் முழுக்கப் பூசிவிட்டோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடச் சுவர் மாதிரி.

அம்மா வந்தார். பையைக் கீழே வைக்காமலே ஈரச் சீமெந்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"கண்ணையெல்லாம் அடைச்சுப்புட்டு மெழுகி வச்சிருக்கியேடா. தண்ணி எங்குட்டுப் போகும்?"

"தண்ணி உள்ளயே வராதும்மா. அதுக்குத்தானே பூசுறது."

"ஓ. நீ பூசுனது மழைக்குத் தெரியுமா?"

அதற்கு மேல் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டார், குழம்பு ஊற்றினார், தேத்தண்ணி கொண்டுவந்து வாசல் இஸ்தோப்பில் வைத்தார். வாய் மட்டும் திறக்கவில்லை. நான் கொழும்புக்குப் புறப்படும்போது அக்காவைப் பார்த்து, "அவனப் பாத்துப் போகச் சொல்லு" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

பெப்ரவரியைப் பிடித்ததற்குத் தெவசம் மட்டும் காரணம் இல்லை. எங்கள் பக்கத்துக்குப் பெரிய மழை ஒக்டோபரிலிருந்து தை வரை. பெப்ரவரியில் மண் காய்ந்து வெட்டினால் நிற்கும். ஈர மண்ணில் விழுந்த கட்டைப் பிரித்தால் மேலே இருப்பதும் சேர்ந்து வரும்.

முதல் இரண்டரை நாள் கல் பொறுக்குவதிலேயே போனது. விழுந்த கல்லை ஒரே குவியலாகப் போடக்கூடாது. பெரியது, நடுத்தரம், தட்டையானது, சில்லு என்று பிரித்துக் கீழ்த்தட்டு முழுக்கப் பரப்பி வைத்தேன். கீரைப் பாத்தி போயே போய்விட்டது. இரண்டு பூரான், ஒரு தேள், கணக்கில்லாத அட்டை. கல்லின் எடையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 14 அடி நீளம், நாலரை அடி உயரம், சராசரி இரண்டடி அகலம் என்றால் ஆறு தொன்னுக்குக் குறையாது. இதையெல்லாம் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளிலும் கொழுந்து இல்லாத நாட்களிலும் ஒற்றை ஆளாகக் கூடையில் சுமந்து கொண்டுவந்திருக்கிறார். நான் ஒரு கல்லை உருட்டுவதற்குள் மூன்று தடவை உட்கார்ந்தேன்.

அலுப்பான வேலை சீமெந்து உரிப்பதுதான். பூச்சு ஒட்டிய கல்லை அப்படியே வைத்தால் கல்லோடு கல் உட்காராது, வழுக்கும். சம்மட்டியாலும் உளியாலும் தட்டித் தட்டி எடுத்தேன். நல்லாத்தான் பூசியிருந்திருக்கிறேன், சனியன் விட மாட்டேன் என்றது. உரித்த சில்லுகளைக் கொண்டுபோய்க் கொட்டப் போனபோது அக்கா தடுத்தாள். "அதையும் உள்ள போடு. அம்மா எதையாச்சும் வீசியிருக்கா?"

உண்மைதான். விழுந்த கட்டுக்குப் பின்னால் அம்மா நிரப்பியிருந்ததைப் பார்த்தால் எங்கள் வீட்டுச் சரித்திரமே கிடந்தது. உடைந்த செங்கல், பழைய கூரைத் தகரத்தின் துண்டு, பீங்கான் கோப்பையின் காது, அப்பாவின் மண்வெட்டித் தலை. மூன்றாம் நாள் அலவாங்கைப் போட்டு ஒரு தட்டைக் கல்லைப் புரட்டினால், எங்கள் அம்மி. பாதி அம்மி. சின்ன வயதில் ஒரு நாள் அது இரண்டாக உடைந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிறகு அது என்ன ஆனது என்று நான் கேட்டதே இல்லை. அரைத்து அரைத்துப் பள்ளமான முகம் கீழே பார்க்க, நீள வாக்கில் மலைக்குள் விட்டுக் கட்டுக்கல்லாக வைத்திருந்திருக்கிறார். பள்ளத்தில் மண் படிந்திருந்தது. அக்கா அதைச் சீலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்துவிட்டு மோந்து பார்த்தாள். மண் வாசம்தான் வந்திருக்கும், நான் கேட்கவில்லை.

நின்ற 8 அடிக்கு வருகிறேன். புதுக் கட்டைப் பழையதோடு கோர்க்க வேண்டும் என்பதால் அதன் அடியில் புல்லை வெட்டினேன். புல்லுக்குப் பின்னால் சீமெந்தில் ஓட்டைகள் இருந்தன. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு வரிசை, முழங்கால் உயரத்தில் இன்னொரு வரிசை. இரண்டு கல் சேரும் இடமாகப் பார்த்து, உளி வைத்துக் கொத்தி, சீமெந்தைக் கிளப்பி எடுத்திருந்தது. மொத்தம் பதினேழு. எட்டாவது அடியில் ஒன்று பாதியில் நின்றது. உளியின் அடையாளம் மட்டும் இருந்தது, ஓட்டை விழவில்லை.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் கொழும்புக்குப் போன அடுத்த வாரமே தொடங்கியதாம். வெயில் சாயும் நேரத்தில் சாக்கை மடித்துப் போட்டு மண்டிபோட்டு, ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ. முழங்கால் விட்ட இடத்தில் நிறுத்திக்கொண்டாராம்.

"ஏன் எனக்குச் சொல்லல?"

"சொன்னா நீ மறுபடி வந்து பூசுவன்னு அம்மாதான் சொல்லாதன்னுச்சு."

அறுபத்தெட்டு வயதுப் பொம்பிளை மண்டிபோட்டுக் கொத்திய 8 அடி நிற்கிறது, கொத்த முடியாமல் போன 14 அடி விழுந்துவிட்டது. ஆராய்ச்சிக்கூடத்தில் வைத்துப் பார்த்தாலும் இவ்வளவு சுத்தமாகச் சோதனை செய்ய முடியாது. அன்றைக்கு நான் பீலியில் குளித்துவிட்டு வந்து படுத்துவிட்டேன்.

என்ன நடக்கிறது என்றால், இந்த மாதிரிக் கட்டு மண்ணைத் தன் எடையால் மட்டும்தான் தாங்கும். மண்ணுக்குள் இறங்குகிற மழைத்தண்ணீர் கல்லிடுக்கு வழியாகத் தானே வெளியே வந்துவிடும். இடுக்கைத்தான் அம்மா கண் என்பார். முகத்தை அடைத்துவிட்டால் தண்ணீர் பின்னால் தேங்கும். தேங்கிய தண்ணீர் நாலரை அடி, அதாவது 1.37 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 1,370 கிலோ கனத்தில் தள்ளும். அதாவது கட்டின் காலடியில். ஊறிய மண்ணும் தன் பங்குக்குத் தள்ளும். சீமெந்து பூசாத கட்டு சீசனுக்குக் கொஞ்சம் அசைந்து தன்னைத்தானே சரிப்படுத்திக்கொள்ளும். பூச்சுக்கு அசையத் தெரியாது, வெடிக்கத்தான் தெரியும். வெடிப்பு வழியாக மேலே இருந்து இன்னும் தண்ணீர் இறங்கும். இதையெல்லாம் நான் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மா ஒற்றை வரியில் கேட்டார்: தண்ணி எங்குட்டுப் போகும்?

நாலாம் நாள் அத்திவாரம். இதற்கு லயத்தின் கடைசிக் காமராவில் (அறையில்) இருக்கிற மாமாவைக் கூப்பிட்டேன். தாத்தாவோடு தோட்டத்துக் கல்லுக்கட்டு வேலையில் இருந்தவர். இப்போது இடுப்பு வளையாது. சாக்கைப் போட்டு உட்கார்ந்து வாயால் கட்டினார். ஓர் அடி ஆழம், இரண்டரை அடி அகலம், கெட்டி மண் வரும் வரை. அடித்தளம் மலைப் பக்கமாகக் கொஞ்சம் சாய வேண்டும், வெளிப்பக்கம் சாய்ந்தால் கட்டு நடந்து போய்விடும் என்றார். உயரத்தில் பாதிக்குக் குறையாமல் அடி அகலம் இருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

தாத்தா தன் வேலையை மகனுக்குத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார். மகன் இல்லாமல் போனார். தோட்டத்து ஆட்களை இரண்டு நாடும் பங்கு போட்டுக்கொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்த பெரிய மாமா, 1972இல் குடும்பத்தோடு கோச்சியில் (ரயிலில்) ஏறித் தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். இப்போது அவர் பிள்ளைகள் கூடலூர்ப் பக்கம் அங்கேயும் தேயிலைதான் பறிக்கிறார்கள். அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறார்கள். போக மாட்டேன் என்றதற்கு அம்மா கடைசி வரை சொன்ன ஒரே காரணம், "அங்க வெயிலாமே, எனக்குத் தலைய வலிக்கும்." கூடலூரும் மலைதான், குளிரும் என்று நான் ஒரு தடவை சொன்னேன். "இப்ப சொல்லி என்ன செய்ய" என்றார்.

அப்புறம் 1973, 74 பஞ்சம் வந்தது. கூப்பன் அரிசி குறைந்து, மாவு கிடைக்காமல், தோட்டங்களில் பட்டினியில் ஆட்கள் செத்த காலம். அது முடிந்த கையோடு அம்மா லயத்துக்குப் பின்னால் சரிவை வெட்டத் தொடங்கினார். வத்தாளை நட ஒரு சமதரை வேண்டும், அதற்கு ஒரு கட்டு வேண்டும். தாத்தா சாக்கைப் போட்டு உட்கார்ந்து சொல்ல, அம்மா தூக்கி வைத்தார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கட்டைக் கட்டியபோது அம்மா எந்த நாட்டுப் பிரஜையும் இல்லை. 2003 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகுதான், ஐம்பது வயது தாண்டி, அவர் கைக்கு அடையாள அட்டை வந்தது. லயத்து ஆட்களுக்கு ஏழு பேர்ச் காணி, அதற்கு உறுதிப் பத்திரம் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் பேச்சு வரும்போது அம்மா கட்டைக் காட்டி, "உறுதி வரட்டும், வராம போகட்டும். கல்லு நான் வச்சது" என்பார்.

ஐந்தாம் நாளிலிருந்து கட்டு. முதல் வரிசைக்கு இருப்பதிலேயே பெரிய கல். எங்கள் பக்கத்துக் கருங்கல் வரிவரியாக இருக்கும், வரி வாக்கில் பிளந்தால் தட்டையாக வரும். அதைப் படுக்க வைக்க வேண்டும், நிறுத்தி வைக்கக் கூடாது. கல்லுக்கு முகமும் வாலும் உண்டு என்பது அம்மா சொல்வது. அழகாக இருக்கிறதே என்று நீளப் பக்கத்தை வெளியே காட்டி வைத்தால் கட்டு மெல்லிசாகிவிடும். முகம் சின்னதாக வெளியே, வால் நீளமாக மலைக்குள்ளே. வைத்ததும் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் வெளியிலிருந்து சில்லுச் செருகக் கூடாது, உள்ளே இருந்து செருக வேண்டும். வெளியே செருகியது ஒரு மழைக்குள் கழன்று விழும்.

சாய்வுக்கு ஓர் அடி உயரத்துக்கு இரண்டு அங்குலம் உள்ளே. நாலரை அடியில் ஒன்பது அங்குலம். இதைப் பிடிக்க இரண்டு பக்கமும் சாய்வாகக் கம்பு நட்டு, நடுவில் நூல் கட்டி, வரிசைக்கு வரிசை நூலை உயர்த்திக்கொண்டே போக வேண்டும். ஒரு பக்கத்துக்கு நல்ல நேரான கம்பு கிடைக்கவில்லை. அக்கா உள்ளே போய் அம்மாவின் மட்டக்கம்பை எடுத்து வந்தாள். தேயிலைச் செடி மேல் படுக்க வைத்து, மட்டத்துக்கு மேலே வந்த கொழுந்தை மட்டும் பறிக்கிற கம்பு அது. நடுவில் கை பிடித்த இடம் பளபளவென்று இருந்தது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் படுத்தே கிடந்த கம்பு முதல் தடவையாக நிமிர்ந்து நின்றது.

ஆறாம் நாள் எனக்குக் கை ஓடத் தொடங்கியது. ஓடியதுதான் பிழை. சாயந்தரத்துக்குள் மூன்று வரிசை ஏற்றிவிட்டு மாமாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார், செருப்பைக் கழற்றினார், ஓர் இடத்தில் காலை வைத்துத் தள்ளினார். மூன்று வரிசையும் கதவு மாதிரித் திறந்தது. இரண்டு கல் சேரும் இடத்துக்கு மேலே ஒரு கல் ஏறி உட்கார்ந்து இடுக்கை மூட வேண்டும். நான் அவசரத்தில் மூன்று வரிசையிலும் இடுக்குக்கு நேராக இடுக்கு வைத்திருந்தேன். மேலிருந்து கீழே ஒரே கோடு.

"ஒங்கம்மா பாத்திருந்தா ஒதைச்சிருக்கும்" என்றார். கல்லையா என்னையா என்று சொல்லவில்லை.

பிரித்துத் திரும்பக் கட்டும்போது இடது கை மோதிர விரல் நசுங்கியது. நகம் இப்போதுதான் முளைக்கிறது.

மாமா அன்றைக்கு இரவு தேத்தண்ணி குடித்துக்கொண்டு தராசுக் கதையைச் சொன்னார். கொழுந்து நிறுக்கும்போது மழை நாளில் சாக்கு ஈரம் என்று மூன்று கிலோ கழிப்பார்கள். ஒரு நாள் அம்மா தன் சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொழுந்தை முழுக்கத் தரையில் கொட்டிவிட்டு, வெறும் ஈரச் சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டி, "இப்ப நிறுங்க" என்றாராம். ஒன்றரைக் கிலோ. மறுபடி அள்ளிப் போட்டு நிறுக்கச் சொல்லி அங்கேயே நின்றிருக்கிறார். பின்னால் நாற்பது பேர் சுமையோடு நிற்கிறார்கள், மழை பெய்கிறது. முன்னால் நின்ற பொம்பிளைகள் இரண்டு பேர் அம்மாவைத் திட்டியிருக்கிறார்கள். மூன்றாவது ஆள் தன் சாக்கையும் கவிழ்த்திருக்கிறாள். அடுத்த வாரத்திலிருந்து ஒன்றரைதான் கழித்தார்கள். எனக்கு இந்தக் கதை தெரியாது. அம்மா சொன்னதே இல்லை.

எல்லாவற்றிலும் அம்மா சரி என்று எழுத நான் வரவில்லை. பிரஷர் குளிசையை அவர் ஒழுங்காகப் போடவில்லை. கிளினிக்கில் கொடுத்ததைக் கொண்டுவந்து, அக்கா கேட்டால் போட்டாச்சு என்பார். கருமாதிக்குப் பிறகு தலையணை உறையைக் கழற்றியபோது மூன்று மாதக் குளிசை மடித்த தாளோடு விழுந்தது. கட்டில் பதினேழு ஓட்டை போட்டவர் இதையும் அப்படித்தான் எங்களுக்குத் தெரியாமல் செய்திருக்கிறார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கல்லுக்கு ஒரு நியாயம் இருந்தது, குளிசைக்கு இல்லை.

இரண்டேகால் அடி உயரம் வந்ததும் கட்டுக்கல் வரிசை. மூன்றடிக்கு ஒன்றாக, கட்டைத் தாண்டி மண்ணுக்குள் போகிற நீளக் கல். நாலு கிடைத்தது, ஐந்தாவது இல்லை. அம்மிப் பாதியின் நீளம் சரியாக இருந்தது. அக்கா தர மாட்டேன் என்றாள். இஸ்தோப்பில் வைத்து ஒரு பூ வைக்கலாம் என்றாள். நான், அம்மா அதை வேலைக்குத்தானே வைத்தார் என்றேன். அரை மணி நேரம் சண்டை. தெவசச் சமையலுக்கு வந்திருந்த சித்தி உள்ளே இருந்து, "ரெண்டு பேருக்கும் அவ புத்தியே வந்திருக்கு" என்று கத்தினார். கடைசியில் அம்மி கட்டுக்குள்ளேயே போனது. ஒரு திருத்தம் மட்டும், அக்காவுக்காக. நுனி இரண்டு அங்குலம் முகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அவள் அதில் கத்தி தீட்டுகிறாள்.

பின்னால் நிரப்புவதைப் பற்றி இரண்டு வரி. கட்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் இரண்டடி இடம் விட்டு வெட்டியிருந்தேன். செங்குத்தாக வெட்டாமல் படி படியாக. கட்டு ஒவ்வொரு வரிசை ஏறும்போதும் பின்னாலும் நிரப்பிக்கொண்டே வர வேண்டும். கட்டின் பக்கம் முஷ்டி அளவுக் கல், மண்ணின் பக்கம் சல்லி. பழைய சாமான்கள் எல்லாவற்றோடும் என் சீமெந்துச் சில்லு எட்டுக் கூடையும் உள்ளே போனது. வெட்டிய மண்ணை நேராகக் கட்டுக்குப் பின்னால் கொட்டியிருந்தால் ஒரு நாள் மிச்சம். மாமா தூங்கும் நேரத்தில் அதைச் செய்யலாமா என்று யோசித்ததை ஒத்துக்கொள்கிறேன்.

உச்சியில் ஒன்றரை அடி அகலத்தில் கனமான தட்டைக் கற்களை மூடுகல்லாக அடுக்கினேன். அதற்குப் பின்னால் மூன்றடி தள்ளிக் கான். அம்மா வெட்டிய கான் மண் மூடிக் கிடந்தது. அவர் போன பிறகு யாரும் இறங்கி அள்ளவில்லை. கட்டு விழுந்ததில் அதற்கும் பாதிப் பங்கு உண்டு. பத்தடிக்கு ஓர் அங்குலம் இறக்கம், அதற்கு மேல் இறக்கினால் தண்ணீர் வேகம் எடுத்துக் கானையே அரிக்கும். கரையில் மானாப்புல் நட்டேன். பதினோராம் நாள் மாலை மட்டக்கம்பைப் பிடுங்கிக் கழுவி உள்ளே வைத்தேன்.

மாமா வந்து நின்று பார்த்தார். குறை சொல்ல இரண்டு இடம் கண்டுபிடித்தார். பிறகு, "ஒங்க தாத்தா கட்டுனத விட ஒங்கம்மா கட்டுனது நேரு. அந்தாளு இருக்கும்போது அத சொல்ல முடியல" என்றார். என்னுடையதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் பத்தடி மதிலைக் கையால் கட்டக் கிளம்பிவிடாதீர்கள். நாலைந்து அடிக்கு மேல் உயரம், அல்லது கட்டுக்கு மேலே வீடோ ரோடோ ஒட்டி இருந்தால் தெரிந்தவர்கள் வந்து பார்க்க வேண்டும். நிலத்தில் புதிதாக வெடிப்பு, மரமும் கம்பமும் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது, இதெல்லாம் கல்லுக்கட்டு விஷயம் இல்லை. உடனே அந்த இடத்தை விட்டு விலகித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை தாண்டினால் விழிப்பு, 150 தாண்டினால் வெளியேறு என்பது அவர்கள் கணக்கு. அக்கா வாசலில் மழை அளக்க ஒரு நேர்ப் போத்தலை வெட்டி, ஸ்கேல் ஒட்டி வைத்திருக்கிறாள்.

போன கிழமை அங்கே நல்ல மழை. அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு வீடியோ எடுத்து அனுப்பினாள். கட்டின் கண்களில் தண்ணீர் வருகிறது. முதலில் சிவப்பாக, பிறகு வெளுத்து. நான் கடையில் நின்று நாலு தடவை போட்டுப் பார்த்தேன். அம்மியின் நுனியிலும் சொட்டுகிறது. அக்கா ஐந்து நிமிஷத்தில் போன் எடுத்தாள்.

"எல்லாத்துலயும் வருது. பழசும் புதுசும் சேர்ற எடத்துல மட்டும் வரலடா."

"அடியிலயா, மேலயா?"

"அடியில. அம்மா பாதியில விட்ட ஓட்டைக்குப் பக்கத்துல."

அங்கே பழைய சீமெந்து இன்னும் ஓர் அடி அகலத்துக்கு மிச்சம் இருக்கிறது. நின்ற பகுதியைத் தொட வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அந்தப் பாதி ஓட்டையையும் அப்படியே வைத்திருக்கத்தான் விட்டேன், அதையும் சொல்ல வேண்டும். அக்கா உளியைத் தானே எடுக்கப் போகிறேன் என்கிறாள். வேண்டாம், சித்திரைக்கு லீவு கேட்டிருக்கிறேன், வந்து நானே கொத்துகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.